கொத்தமல்லிச் சாறும் வெள்ளித் துகளும்

மருந்துச் செடியொன்றின் இலையைக் கழுவி, நறுக்கி, காய்ச்சி வடித்த நீரில் கொதிக்கவைத்து இறுத்த சாற்றோடு வெள்ளி நைட்ரேட் கரைசலைச் சேர்த்து வைத்தால், சில நிமிடங்களிலோ சில மணி நேரத்திலோ அந்தக் கலவை வெளிர்மஞ்சளாகி, பிறகு பால் கலக்காத தேநீரின் நிறத்துக்கு வந்து, இறுதியில் கரும்பழுப்பில் நின்றுவிடுகிறது. அந்த நிறமாற்றம் இலையின் சாயத்தால் வருவதன்று. கரைசலில் கரைந்திருந்த வெள்ளி, கண்ணுக்கும் சாதாரண நுண்ணோக்கிக்கும் புலப்படாத துகள்களாகத் திரண்டுவிட்டது என்பதற்கு அதுவே முதல் அடையாளம். விலையுயர்ந்த உலையும் கடுமையான வேதிப்பொருளும் இல்லாமல், அடுப்பங்கரையில் கஷாயம் வைப்பதைப் போன்ற ஒரு செயலால் வெள்ளியின் நானோ துகள்களை ஆக்கும் இம்முறை ‘பசுமைத் தொகுப்பு’ எனப்படுகிறது. தமிழ்நாட்டின் தாவரவியல், உயிர்த்தொழில்நுட்பத் துறைகளில் முதுகலை மாணவரும் ஆய்வேட்டுக்காகச் செய்துபார்க்கும் அளவுக்கு அது பரவிவிட்டது.

நானோ என்பது ஓர் அளவின் பெயர். ஒரு மீட்டரை நூறு கோடிப் பங்காகப் பிரித்தால் கிடைக்கும் ஒரு பங்கு நானோமீட்டர். ஒன்று முதல் நூறு நானோமீட்டர் வரை அளவுள்ள துகளை நானோ துகள் என்பர். மனிதத் தலைமுடியின் தடிமன் ஏறத்தாழ 80,000 நானோமீட்டர் என்றால், இருபது நானோமீட்டர் வெள்ளித் துகள் நான்காயிரத்தை வரிசையாக அடுக்கினால்தான் ஒரு முடியின் குறுக்களவு நிரம்பும். அத்தகைய ஒரு துகளில் சுமார் இரண்டரை லட்சம் வெள்ளி அணுக்கள் இருக்கும். இவ்வளவு சிறிதாக்குவதால் என்ன ஆதாயம் என்பதை ஒரு கணக்கால் விளக்கலாம். ஒரு கிராம் வெள்ளியை ஒரே உருண்டையாக உருக்கினால் அதன் மேற்பரப்பு ஒரு சதுர சென்டிமீட்டர் அளவே, அதாவது ஒரு விரல்நகத்தின் பரப்பே இருக்கும். அதே ஒரு கிராமை இருபது நானோமீட்டர் துகள்களாக்கினால் எல்லாத் துகள்களின் மேற்பரப்பும் சேர்ந்து 28 சதுர மீட்டருக்கும் மேலாகிறது, அதாவது சுமார் 300 சதுர அடி. கிருமியைத் தொடுவதும் அயனியை வெளிவிடுவதும் மேற்பரப்பில் நிகழும் செயல்கள் என்பதால், விரல்நகமளவு இருந்த வெள்ளி ஒரு சிறு வீட்டின் தரையளவு வேலை செய்யத் தொடங்கிவிடுகிறது.

நிறம் மாறுவதும் இதே சிறுமையின் விளைவே. உலோகத்தில் கட்டற்று உலவும் எலக்ட்ரான்கள், துகள் போதிய அளவு சிறிதாகும்போது, மேலே விழும் ஒளியின் அலைக்கு ஏற்ப ஒருசேர ஊசலாடுகின்றன. அந்த ஊசலாட்டம் ஒளியின் ஒரு பகுதியை விழுங்கிவிடுகிறது. இதனை மேற்பரப்பு பிளாஸ்மான் ஒத்ததிர்வு என்பர். வெள்ளித் துகள்கள் விழுங்குவது பெரும்பாலும் 400 முதல் 450 நானோமீட்டர் வரையிலான ஊதா, நீலப் பகுதியை. நீலம் கழிந்த ஒளி கண்ணுக்கு மஞ்சளாகவும் பழுப்பாகவும் தெரிகிறது. லண்டனிலுள்ள பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டிருக்கும், நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த லைகர்கஸ் கிண்ணம் என்னும் ரோமானியக் கண்ணாடிக் கலம், வெளியிலிருந்து ஒளி பட்டால் பச்சையாகவும் உள்ளிருந்து ஒளி வந்தால் சிவப்பாகவும் தோன்றுவதற்கு அதன் கண்ணாடியில் கலந்துள்ள வெள்ளி, பொன் நானோ துகள்களே காரணம். அதைச் செய்த கைவினைஞருக்கு நானோ என்ற சொல்லும் தெரியாது, துகளின் அளவும் தெரியாது. பொன்னின் நுண்துகள் நீரில் மிதந்து செந்நிறம் தருவதை மைக்கேல் ஃபாரடே 1857இல் ஆராய்ந்து எழுதிய பிறகே அறிவியல் இப்பொருளைக் கையில் எடுத்தது.

இலைச்சாற்று முறைக்கு வித்திட்டதில் இந்தியர்களின் பங்கு பெரிது. உயிருள்ள ஆல்ஃபால்ஃபா எனும் குதிரைமசால் செடி வேர்வழியே உறிஞ்சிய பொன்னைத் தன் உடலுக்குள்ளேயே நானோ துகளாக்குகிறது என்று அமெரிக்காவில் கார்டியா-டோரஸ்டேயின் குழு 2002இல் காட்டியது. புணேயிலுள்ள தேசிய வேதியியல் ஆய்வகத்தில் முரளி சாஸ்திரியின் குழு, பூஞ்சையைக் கொண்டு இத்துகள்களை ஆக்கிப் பார்த்துவிட்டு, 2003இல் ஜெரேனியம் இலைச்சாற்றாலும் 2004இல் வேப்பிலைச் சாற்றாலும் வெள்ளித் துகளை உருவாக்கிக் காட்டியது. பூஞ்சையை வளர்த்தெடுக்க நாட்கணக்கில் காத்திருக்க வேண்டும். அது நோய் தரும் இனமாக இருந்தால் தனிக் காப்பும் வேண்டும். இலைச்சாற்றுக்கு இரண்டும் வேண்டாம். இந்த எளிமை ஒன்றே போதும், அடுத்த சில ஆண்டுகளில் துளசி, நிலவேம்பு, கரிசலாங்கண்ணி, தொட்டால்சிணுங்கி, தாமரை என்று நாட்டில் முளைக்கும் ஏறத்தாழ எல்லாச் செடியும் சோதனைக் குடுவைக்குள் இறக்கப்பட்டது. மேல்விஷாரம் சி. அப்துல் ஹக்கீம் கல்லூரியின் ஆய்வாளர்கள் தாமரை இலையாலும் கரிசலாங்கண்ணியாலும் செய்த வெள்ளித் துகள்களைக் கொசுப் புழுக்களின்மீது சோதித்து 2011இல் முடிவுகளை வெளியிட்டனர்.

அந்தப் பட்டியலில் கொத்தமல்லியும் உண்டு என்பது, ஒசூருக்கும் கிருஷ்ணகிரிக்கும் நடுவே தேசிய நெடுஞ்சாலை 44இன் ஓரத்தில் இருக்கும் சூளகிரிக்கு நெருக்கமான செய்தி. புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தின் பத்ரி நாராயணனும் சக்திவேலும் கொத்தமல்லித் தழைச் சாற்றால் பொன் நானோ துகள்களை ஆக்கியதை 2008இல் வெளியிட்டனர். அதே தழையால் வெள்ளித் துகளை ஆக்கிய ஹைதராபாத் பல்கலைக்கழகக் குழு, 2010இல் வந்த தன் கட்டுரையில், அத்துகள்களைக் கிருமியின்மேல் சோதிக்காமல் லேசர் ஒளியின்முன் வைத்து, அவை கடும் ஒளியை எப்படிக் கையாள்கின்றன என்று பார்த்தது. தமிழில் கொத்தமல்லி என்றும் தெலுங்கில் கொத்திமீர என்றும் கன்னடத்தில் கொத்தம்பரி என்றும் மூன்று மொழியும் புழங்கும் சூளகிரிப் பகுதியில் பெயர் பெற்ற அத்தழை, கட்டுக் கட்டாகச் சந்தைக்கு வந்து, வண்டிகளில் ஏறிப் பெங்களூருக்கும் சென்னைக்கும் கேரளத்துக்கும் போகிறது. விலை ஏறிய வாரத்தில் அது பணப்பயிர். விலை சரிந்த வாரத்தில் பறிகூலிக்கும் கட்டாது என்று மாட்டுக்குப் போட்டுவிட்டு, மிச்சத்தை ஏர் ஓட்டி மண்ணோடு புதைத்துவிடும் தழை. அருகிலேயே சிப்காட் தொழிற்பேட்டை, அதைத் தாண்டினால் உயர் தொழில்நுட்பம் பேசும் ஒசூர் ஆலைகள். வயலும் ஆலையும் இப்படி ஒட்டிக் கிடக்கும் ஊரில், வீணாகும் தழையைக் கொண்டு விலையுயர்ந்த நானோ பொருளை ஆக்கலாமே என்ற எண்ணம் எவருக்கும் எழுவது இயல்பு. அந்த எண்ணம் எவ்வளவு தூரம் செல்லும் என்பதைப் பார்ப்பதற்குமுன் குடுவைக்குள் நடப்பது என்ன என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

வெள்ளி நைட்ரேட் என்ற உப்பு நீரில் கரையும்போது வெள்ளி, ஓர் எலக்ட்ரானை இழந்த நிலையில், அதாவது அயனியாக, தனித்தனியே மிதக்கிறது. இலைச்சாற்றிலுள்ள ஃபிளேவனாய்டுகள், ஃபீனால் சேர்மங்கள், டெர்பினாய்டுகள், சர்க்கரைகள் போன்றவை அந்த அயனிக்கு எலக்ட்ரானைக் கொடுத்து அதனை உலோக அணுவாக மாற்றுகின்றன. இதற்கு வேதியியலில் ஒடுக்கம் என்று பெயர். தனி அணுக்கள் சில ஒன்றுகூடிக் கருவாகின்றன, கருவின்மேல் மேலும் அணுக்கள் படிந்து துகள் வளர்கிறது. அதை வளரவிட்டால் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகி அடியில் படிந்துவிடும். சாற்றிலுள்ள புரதங்களும் பிற கரிமப் பொருள்களும் துகளின்மேல் போர்வைபோல் படிந்து இதைத் தடுக்கின்றன. எலக்ட்ரான் கொடுக்கும் வேலையையும் போர்வை போர்த்தும் வேலையையும் ஒரே சாறு செய்துவிடுவதுதான் இம்முறையின் தனிச்சிறப்பு. வேதிமுறையில் இவ்விரண்டுக்கும் பெரும்பாலும் இரு வேறு பொருள்களைத் தேடவேண்டும்.

கேட்பதற்கு எளிது, கையில் எடுத்தால் சிறுசிறு இடறல்கள் உண்டு. காய்ச்சி வடித்த நீர் தீர்ந்துவிட்டது என்று ஆழ்துளைக் கிணற்று நீரை ஊற்றினால், அதிலுள்ள குளோரைடோடு வெள்ளி சேர்ந்து, குடுவை பழுப்பாவதற்குப் பதில் மோர் கலந்ததுபோல் வெண்மையாகக் கலங்கிவிடும். அது வெள்ளி குளோரைடு, துகள் அன்று. இலையைச் சரியாகக் கழுவாவிட்டாலும், இலையிலேயே உப்பு மிகுந்திருந்தாலும் இதே நிலைதான். வெள்ளி நைட்ரேட் ஒளி பட்டால் சிதைவது என்பதால் அதைக் கருநிறப் புட்டியில் வைப்பார்கள். கையுறை போடாமல் தொட்டவரின் விரலில் அப்போது ஒன்றும் தெரியாது, மறுநாள் கருத்த கறை தெரியும், சோப்புக்கும் அது போகாது, தோல் உரிந்தால்தான் போகும். ஆய்வகத்தில் புதிதாகச் சேர்ந்த மாணவரை இந்தக் கறையைக் கொண்டே அடையாளம் கண்டுகொள்ளலாம்.

தமிழ்நாட்டில் இத்துறையில் அதிகமாக எடுத்துக்காட்டப்படும் ஆய்வுகளில் ஒன்று குப்பைமேனியைப் பற்றியது. வயல் வரப்பிலும் வீட்டுக் கொல்லையிலும் தானாக முளைத்து, பேருக்கேற்பக் குப்பையில் கிடக்கும் இச்செடி, சித்த மருத்துவத்தில் தோல் நோய்க்கும் சளிக்கும் கைகண்ட மருந்து. இதன் வேர் பூனையைக் கிறங்கச் செய்வதால் பூனைவணங்கி என்றும் பெயருண்டு. சென்னைப் பல்கலைக்கழகத் தாவரவியல் உயராய்வு மையத்தைச் சேர்ந்த கிருஷ்ணராஜ், கலைச்செல்வன் ஆகியோரின் குழு, குப்பைமேனி இலைச்சாற்றால் முப்பது நிமிடத்தில் வெள்ளித் துகள்களை உருவாக்கி, அவை 20 முதல் 30 நானோமீட்டர் அளவின என்பதை எலக்ட்ரான் நுண்ணோக்கியால் உறுதிசெய்து, நீரால் பரவும் ஈ. கோலை, காலரா ஆகிய கிருமிகளின்மேல் சோதித்து 2010இல் வெளியிட்டது. ஒரு மில்லிலிட்டரில் 10 மைக்ரோகிராம் துகள் இருந்தால் இவ்விரு கிருமிகளின் வளர்ச்சியும் நின்றுவிடுகிறது என்பது அவர்கள் கண்ட அளவு. மைக்ரோகிராம் என்பது ஒரு கிராமின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு.

பத்து மைக்ரோகிராம் என்றால் மிகச் சொற்பம் என்று தோன்றும். ஆனால் அதை லிட்டர் கணக்குக்கு மாற்றினால் லிட்டருக்கு 10 மில்லிகிராம் ஆகிறது. இந்தியத் தர நிர்ணய அமைவனம் குடிநீரில் வெள்ளிக்கு வைத்திருக்கும் உச்சவரம்போ லிட்டருக்கு 0.1 மில்லிகிராம். நூறு மடங்கு இடைவெளி. ஆய்வகச் சோதனை, ஊட்டச்சத்து நிறைந்த ஊடகத்தில் திரளாக வளரும் கிருமிமேல் நடப்பது, குழாய் நீரில் அவ்வளவு கிருமி இராது, எனவே அங்கே குறைந்த அளவும் போதும் என்பது உண்மையே. ஆனாலும் இத்துகளைக் குடிநீரில் அப்படியே கலக்கலாம் என்று எவரும் முடிவுகட்டிவிட முடியாது என்பதை இந்த நூறு மடங்கு கறாராகச் சொல்லிவிடுகிறது. துகளை ஏதேனும் ஒன்றின்மேல் பிடித்து நிறுத்தி, அதிலிருந்து அயனி மட்டும் சிறுகச் சிறுகக் கசியும்படி செய்தாக வேண்டும். சென்னை ஐஐடியில் டி. பிரதீப்பின் குழு 2013இல் வெளியிட்ட நீர்த் தூய்மிப்பு முறை அதைத்தான் செய்தது: இறால், நண்டு ஓடுகளிலிருந்து கிடைக்கும் கைட்டோசானும் அலுமினியச் சேர்மமும் கலந்த குருணைக்குள் வெள்ளித் துகள்கள் சிறைப்பட்டிருக்கும், அவற்றிலிருந்து லிட்டருக்குச் சுமார் 0.04 மில்லிகிராம் அளவில், அதாவது வரம்பின் பாதிக்கும் கீழே, வெள்ளி அயனி தொடர்ந்து வெளிப்படும். ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு இரண்டரை டாலரே செலவாகும் என்பது அவர்கள் கணக்கு. அதற்கு முன்பே, 2009 டிசம்பரில், டாடா குழுமம் சந்தைக்குக் கொண்டுவந்த ‘ஸ்வச்’ என்ற மின்சாரம் வேண்டாத நீர்வடிகட்டியில், நெல் உமிச் சாம்பலின்மேல் வெள்ளி நானோ துகள்கள் படியவைக்கப்பட்டிருந்தன. இலைச்சாற்றுத் துகள் பற்றி வெளிவந்த கட்டுரைகளின் எண்ணிக்கையோடு ஒப்பிட்டால், அவற்றிலிருந்து இப்படிப் பொதுமக்கள் கைக்கு வந்த பொருள் மிகக் குறைவு என்பதை ஒளிக்காமல் சொல்லத்தான் வேண்டும்.

ஏன் இந்த நிலை? முதலில், ‘பசுமை’ என்ற சொல்லே பாதி உண்மை. வேதிமுறையில் பயன்படும் சோடியம் போரோஹைட்ரைடு, ஹைட்ரசீன் போன்றவை கடுமையானவை, அவற்றை இலைச்சாற்றால் நீக்குவது நல்லதே. பால் அனஸ்டாஸும் ஜான் வார்னரும் 1998இல் வகுத்த பசுமை வேதியியலின் பன்னிரண்டு நெறிகளின் நோக்கத்துக்கும் அது இசைவானது. ஆனால் வேதிமுறை எல்லாமே நஞ்சு என்பதும் சரியன்று. ஆய்வகங்களில் பல ஆண்டுகளாகப் புழங்கும் சிட்ரேட் முறையில் ஒடுக்கியாக இருப்பது எலுமிச்சையின் புளிப்புக்குக் காரணமான சிட்ரிக் அமிலத்தின் உப்பு. இரண்டு முறைக்கும் பொதுவான வெள்ளி நைட்ரேட்டோ, வெள்ளியை நைட்ரிக் அமிலத்தில் கரைத்து, நச்சுப்புகை எழ, ஆக்கப்படுவது. குடுவைக்கு வந்த பிறகு மட்டும் பசுமை என்று பெயர் சூட்டி, அதற்கு முன்னும் பின்னும் நடப்பதைக் கணக்கில் சேர்க்காமல் விடுவது, நெல் அறுத்த செலவை விட்டுவிட்டுச் சோறு வடித்த செலவை மட்டும் எழுதுவதற்கு ஒப்பானது.

இரண்டாவதும், இதைவிடப் பெரியதுமான இடர், அதே துகளை மறுபடியும் ஆக்க முடியாமை. சிட்ரேட் என்பது எந்தப் புட்டியிலும் ஒரே பொருள், இலைச்சாறு அப்படியன்று. நாற்பது நாளில் பறித்த கொத்தமல்லித் தழையும், வெயில் ஏறித் தண்டு நீண்டு பூவெடுத்த பிறகு பறித்த தழையும் நாக்குக்கே வேறு வேறு சுவை. அவற்றின் ஃபீனால் அளவும் வேறு. சூளகிரிச் செம்மண்ணில் விளைந்ததும் ஆற்றுப்படுகை வண்டலில் விளைந்ததும் ஒன்றாக இரா. மழைக்குப் பின் பறித்த குப்பைமேனியில் சாறு நீர்த்திருக்கும், சித்திரையில் செறிந்திருக்கும். சாறு மாறினால் கருவாகும் வேகம் மாறுகிறது, வேகம் மாறினால் துகளின் அளவு மாறுகிறது, அளவு மாறினால் கிருமியின்மேல் அதன் செயலும் மாறுகிறது. ஒரு மாதம் 20 நானோமீட்டரும் அடுத்த மாதம் 60 நானோமீட்டரும் வந்தால் எந்த ஆலையும் அதை வாங்காது. உதிரிபாகத்தின் விட்டத்தில் மைக்ரான் கணக்கில் பிசகினாலும் திருப்பி அனுப்பிவிடும் ஒசூர்ப் பட்டறைகளுக்கு இதை விளக்கிச் சொல்லவேண்டிய தேவையே இல்லை. சாற்றைப் பொடியாக்கி, அதிலுள்ள ஃபீனால் அளவை ஒரே நிலைக்குக் கொண்டுவந்து, அமிலத்தன்மையையும் வெப்பநிலையையும் கட்டுக்குள் வைத்து ஆக்கினால் மாறுபாடு பெரிதும் குறையும். கட்டுரைகள் பலவற்றில் இதற்கான முயற்சியைக் காண முடிவதில்லை. இன்னொரு செடியைத் தேடிப் போவது எளிது, ஒரே செடியோடு ஐந்தாண்டு மல்லுக்கட்டுவது கடினம்.

இனி, வீணாகும் தழையால் உழவருக்கு வருமானம் என்ற எண்ணத்துக்கு வரலாம். நூறு மில்லிலிட்டர் நீருக்குப் பத்து கிராம் இலை, ஒரு பங்கு சாற்றுக்கு ஒன்பது பங்கு வெள்ளி நைட்ரேட் கரைசல் என்பது பலரும் கையாளும் அளவு. அக்கரைசல் லிட்டருக்கு 170 மில்லிகிராம் உப்பு கரைத்தது, அதில் வெள்ளி ஏறத்தாழ 108 மில்லிகிராம். இதைப் பெருக்கிப் பார்த்தால், ஒரு கிலோ கொத்தமல்லித் தழையின் சாறு சுமார் பத்து கிராம் வெள்ளியைத் துகளாக்கப் போதும். ஒரு டன் தழைக்கு வேலை கொடுக்கப் பத்து கிலோ வெள்ளி வேண்டும். விலை சரிந்த ஒரு காலையில் சந்தையில் தேங்கும் தழையின் ஒரு மூலையைக்கூட இத்தொழில் தொடாது. செலவெல்லாம் வெள்ளியிலும், மையவிலக்கு இயந்திரத்திலும், அளவிடும் கருவிகளிலும்தான். தழையின் பங்கு கறிவேப்பிலைக் காசு. இந்த நுட்பம் உழவரைக் காப்பாற்றும் என்று மேடையில் பேசுவோர் இந்தப் பெருக்கல் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்த்திருந்தால் அப்படிப் பேசியிருக்க மாட்டார்கள்.

சோதனைகளின் தரம் பற்றியும் ஒரு சொல். கிருமி வளர்த்த தட்டின் நடுவே துகள் கரைசலை ஒரு சொட்டு வைத்து, மறுநாள் அதைச் சுற்றிக் கிருமி வளராமல் தெளிந்திருக்கும் வளையத்தின் விட்டத்தை மில்லிமீட்டரில் அளந்து, வளையம் பெரிதானால் மருந்து வலிது என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. ஆனால் அந்தக் கூழ் ஊடகத்தில் அயனி எளிதில் ஊர்ந்து செல்லும், துகள் செல்லாது. துகளைக் கழுவிப் பிரிக்காமல் வைத்தால், ஒடுக்கப்படாமல் எஞ்சிய வெள்ளி அயனியே வளையத்தை உண்டாக்கிவிட்டு, புகழ் துகளுக்கும் மூலிகைக்கும் போய்ச்சேரும். எனவே ஒரு தட்டில் இலைச்சாற்றை மட்டும், இன்னொன்றில் அதே அளவு வெள்ளியுள்ள நைட்ரேட் கரைசலை மட்டும் வைத்து ஒப்பிட்டாலன்றி, குப்பைமேனியின் மருத்துவக் குணம் துகளுக்கு வந்துவிட்டது என்று சொல்ல இடமில்லை. இலைச்சாற்றின் பெரும்பகுதி கழுவும்போதே போய்விடுகிறது, துகள்மேல் எஞ்சுவது ஒரு மெல்லிய போர்வை மட்டுமே என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

சித்த மருத்துவத்தில் வெள்ளியை மூலிகைச் சாற்றில் அரைத்துப் புடமிட்டுச் செய்யும் வெள்ளி பற்பத்தை இதனோடு இணைத்து, நானோ நுட்பம் நம் முன்னோர் அறிந்ததே என்று எழுதுவதும் ஒரு வழக்கம். இரண்டிலும் வெள்ளியும் இலைச்சாறும் இருப்பது மெய். ஆனால் ஒன்று உலோகத்தை நெருப்பில் நீற்றுவது, மற்றொன்று கரைந்த அயனியை நீரிலேயே திரட்டுவது. வழியும் வேறு, விளைபொருளின் வேதியியலும் வேறு. பற்பத்துக்கு அதற்குரிய மரபும் பக்குவ விதியும் உண்டு, அதற்கு நானோ என்ற இரவல் பட்டம் தேவையில்லை.

வெள்ளி கிருமியைக் கொல்வது ஒரே வழியாலன்று. அதன் அயனி கிருமியின் புரதங்களிலுள்ள கந்தகத்தைப் பற்றிக்கொண்டு நொதிகளை முடக்குகிறது, உறையைத் துளைக்கிறது, உள்ளே ஆக்சிஜன் வகை நச்சுகளைப் பெருக்குகிறது. பல முனைத் தாக்குதல் என்பதால் கிருமி இதற்குப் பழகாது என்ற நம்பிக்கை பரவலாக உண்டு. ஆனால் அமெரிக்காவில் தீக்காயப் பிரிவொன்றில், வெள்ளி நைட்ரேட்டுக்கு அடங்காத சால்மொனெல்லா கிருமி 1975இலேயே பதிவாகியிருக்கிறது, அந்த எதிர்ப்பாற்றலுக்கான மரபணுக்களும் பின்னர் கண்டறியப்பட்டன. தேவையற்ற இடத்திலெல்லாம் வெள்ளியைத் தெளித்துக்கொண்டிருந்தால் தீக்காய நோயாளிக்கு உண்மையில் வேண்டியபோது அது கைவிட்டுவிடக்கூடும்.

தொழிற்பகுதியில் இதற்கு இடமே இல்லை என்பதன்று. கடைசல் பட்டறையில் நீரோடு கலந்து ஓடும் கூலன்ட் என்ற குளிர்விப்பான், ஞாயிறு முழுதும் அசையாமல் கிடந்து பாக்டீரியா பெருகி, திங்கட்கிழமை காலையில் அழுகிய முட்டை நாற்றமடிப்பதை இயந்திரத்தின்முன் நிற்பவர் எவரும் அறிவர். அதற்குக் கிருமிநாசினி ஊற்றுவார்கள். வெள்ளித் துகள் அங்கே உதவுமா என்று கேட்கத் தோன்றும். நாற்றத்துக்குக் காரணமான ஹைட்ரஜன் சல்ஃபைடும், பல கூலன்ட்களில் சேர்க்கப்படும் கந்தகச் சேர்மங்களும் வெள்ளியைப் பிடித்துக் கருத்த வெள்ளி சல்ஃபைடாக்கி அதன் ஆற்றலைக் குறைத்துவிடக் கூடியவை. வீட்டுக் குத்துவிளக்கின் அருகே இருக்கும் வெள்ளிக் கிண்ணம் நாளடைவில் கருப்பதும் இதே வினைதான். ஒரு பொருள் நல்லது என்பதும் அது இந்த இடத்துக்கு ஏற்றது என்பதும் வெவ்வேறு கேள்விகள்.

வெள்ளி அயனி நீர்வாழ் உயிர்களுக்கு உலோகங்களில் மிகக் கடுமையான நஞ்சுகளுள் ஒன்று. கிருமிக்கும் மீனின் செவுளுக்கும் அது வேறுபாடு பார்ப்பதில்லை. துணியில் பூசிய வெள்ளித் துகள் சலவை நீரில் கழன்று வருவதை 2008இல் அமெரிக்க ஆய்வாளர்கள் காலுறைகளை நீரில் அலசி அளந்து காட்டினர். கழிவுநீரில் கந்தகம் மிகுந்திருப்பதால் பெரும்பகுதி சல்ஃபைடாக மாறித் தீங்கு குறைந்து வண்டலில் படிகிறது என்பது ஆறுதலான செய்தி. அந்த வண்டல் எருவாக வயலுக்குப் போகும்போது என்னாகும் என்பது வேறு கணக்கு. பெங்களூரின் கழிவைச் சுமந்துவரும் தென்பெண்ணை, ஒசூரை அடுத்த கெலவரப்பள்ளி அணையில் நுரை நுரையாகப் பொங்குவதைக் கண்டு பழகிய பகுதி இது. சூளகிரியின் சின்னாறும் சென்று சேர்வது அதே ஆற்றில்தான். ஆய்வக வடிகாலில் ஊற்றிய சில நூறு மில்லிலிட்டரால் ஆறு கெட்டுவிடாது என்பது சரி. அதே நுட்பத்தை ஆலையாக்க விரும்புவோர் கழிவுக்கான வழியையும் திட்டத்தோடு சேர்த்தே வகுக்க வேண்டும் என்பதும் சரி.

‘கூழ்ம வெள்ளி’, ‘நானோ வெள்ளி நீர்’ என்ற பெயர்களில் குப்பியில் அடைத்து எல்லா நோய்க்கும் மருந்து என்று விற்கப்படுவதைக் குடிக்கலாகாது. உடலில் சேரும் வெள்ளி தோலை நீலச்சாம்பல் நிறமாக்கும், அந்நிறம் பின்னர் மாறாது. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் இத்தகைய விற்பனைப் பொருள்களைப் பாதுகாப்பானவை என்றோ பயனுள்ளவை என்றோ ஏற்பதற்கில்லை என்று 1999இலேயே அறிவித்துவிட்டது. இந்தியாவில் நானோ மருந்துகளை மதிப்பிடுவதற்கான நெறிமுறைகளை உயிர்த்தொழில்நுட்பத் துறை 2019இலும், வேளாண் இடுபொருள், உணவு ஆகியவற்றுக்கான நெறிமுறைகளை 2020இலும் வெளியிட்டிருக்கிறது. துகளின் அளவும் மேற்பரப்பும் நிலைப்புத்தன்மையும் நச்சுத்தன்மையும் இன்னவை என்று அளந்து சொல்லக் கோருபவை அவை. மூலிகையால் செய்தது என்பதற்காக எந்தச் சலுகையும் அவற்றில் இல்லை.

கிருஷ்ணகிரி, ஒசூர் வட்டாரக் கல்லூரிகளில் இந்த ஆண்டும் சில மாணவர்கள் ஏதோ ஓர் இலையைக் கொதிக்கவைத்து வெள்ளித் துகளை ஆக்கத்தான் போகிறார்கள். அவர்களும் அவர்களின் வழிகாட்டிகளும் ஆய்வேட்டில் இரண்டு வரிகளைக் கூடுதலாக எழுதினால் போதும்: இலை எந்த ஊரில், எந்த மாதத்தில், பூக்குமுன் பறித்ததா பூத்தபின் பறித்ததா என்பது ஒன்று, மிஞ்சிய வெள்ளிக் கரைசலைத் தொட்டியில் கொட்டாமல் உப்பிட்டுப் படியவைத்துத் தனிப் புட்டியில் சேர்த்தது எத்தனை மில்லிலிட்டர் என்பது மற்றொன்று.